எந்த மருந்து?
கம்பம் பள்ளத்தாக்கும் ஒரு மருத்துவரின் முதல் ஆண்டும்

தேனி மாவட்டத்து அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் சில மாதம் நின்ற ஹவுஸ் சர்ஜனிடம், ‘மருந்து’ என்று யாராவது சொன்னால் ஒரு கேள்வி தயாராக இருக்கும்: எந்த மருந்து? இந்தப் பக்கம் திராட்சைக் கொடிக்கு அடிப்பதும் மருந்துதான். நெல்லுக்கும் வாழைக்கும் ஏலச்செடிக்கும் அடிப்பது மருந்து. காய்ச்சலுக்கு வாங்குவதும் மருந்து. “காலையில மருந்து அடிக்கப் போனாரு, வந்ததுல இருந்து வாந்தி” என்று ஒரு மனைவி சொல்வார். “பிள்ளை மருந்தக் குடிச்சிருச்சுய்யா” என்று ஒரு தாய் கதறுவார். இருமல் மருந்தைச் சொல்கிறார் என்று அப்போது யாரும் நினைக்க மாட்டார்கள்.

அதற்குப் பின் நடப்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும், வாயில் நீர் வழியும், உடம்பு வியர்த்துக் கொட்டும், நெஞ்சில் சளி கரகரக்கும். அட்ரோபின் ஏற்ற வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கண்மணியையும் நாடியையும் நெஞ்சையும் பார்த்து அளவைக் கூட்ட வேண்டும். விடியும் வரை கட்டில் பக்கத்தை விட்டு நகர முடியாது. ஆள் பிழைத்தால் சில நாட்களில் வீடு திரும்புவார். அந்த ஹவுஸ் சர்ஜன் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார், அதில் ஐயமில்லை.

ஆனால் அந்தப் பூச்சி மருந்து டப்பா வீட்டில் எங்கே இருந்தது? அரிசி மூட்டைக்குப் பக்கத்திலா, பரணிலா, கைக்கெட்டும் மாடக்குழியிலா? கட்டில் பக்கத்தில் நின்று இதற்குப் பதில் தேட முடியாது. அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். மருத்துவராக ஆக விரும்பும் ஒருவரை ஓராண்டுச் சமூகப் பணி என்ன செய்கிறது என்ற கேள்விக்கு என் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. கட்டிலில் பார்த்தவரை வாசலில் மறுபடி பார்க்கும்போதுதான் மருத்துவத் தொழில் ஒருவருக்கு வாழ்க்கைப் பணியாக மாறுகிறது. அந்த ‘மறுபடி’ நிகழ, ஓர் ஊரின் எல்லாப் பருவங்களையும் சுற்றி வரும் அளவுக்காவது காலம் வேண்டும்.

சட்டம் எழுதிய ஓராண்டு

இந்த யோசனை புதிதல்ல. சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு, 1946 இல், நாட்டின் சுகாதாரத்தை ஆராய்ந்த போர் (Bhore) குழு தன் அறிக்கையை அளித்தது. ஒவ்வொரு மருத்துவ மாணவரும் 3 மாதம் நோய்த்தடுப்பும் சமூக மருத்துவமும் பயில வேண்டும், சமூகத்தின் மருத்துவராக வெளியே வர வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 1975 இல் ஸ்ரீவஸ்தவா குழு, நம் மருத்துவக் கல்வி கிராமத்துக்கு முதுகு காட்டி நிற்பதை மறுபடி எடுத்துச் சொன்னது. இரண்டு ஆண்டுகளில் மருத்துவக் கல்லூரிகளை ஆரம்ப சுகாதார நிலையங்களோடு இணைக்கும் திட்டம் வந்தது. ஊர்திகள் வாங்கப்பட்டன. மாணவர்கள் காலையில் போய் மாலையில் திரும்பினார்கள்.

2007 இல் அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ், எம்.பி.பி.எஸ். படிப்போடு ஓராண்டு கிராமப் பணியைச் சேர்க்க முனைந்தபோது தமிழ்நாட்டு மருத்துவ மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். கிராமத்துக்குப் போகப் பயந்து போராடுகிறார்கள் என்று அவர்களைப் பற்றிப் பேசப்பட்டது. அது முழு உண்மையல்ல. நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் உதவித்தொகைக்கு ஆண்டுதோறும் புதுப் பிள்ளைகளை அனுப்பிவைப்பது கிராமத்துக்கும் நியாயமல்ல, எங்களுக்கும் நியாயமல்ல என்பது அவர்களின் வாதம். அதில் வலு இருந்தது. 2013 இல், முதுநிலைப் படிப்புக்கு முன் ஓராண்டு கிராமப் பணி கட்டாயம் என்ற வடிவில் அதே திட்டம் திரும்பி வந்தது. அதுவும் நடைமுறைக்கு வரவில்லை.

இன்று நம்மிடம் இருப்பது நாலரை ஆண்டுப் படிப்புக்குப் பின் வரும் 12 மாதக் கட்டாயப் பயிற்சி. மாணவர் மொழியில் சி.ஆர்.ஆர்.ஐ. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 ஆம் ஆண்டு விதிகளின்படி அதில் சமூக மருத்துவத்துக்கு 12 வாரம். 52 வாரத்தில் 12 என்பது காகிதத்தில் குறைவாகத் தெரியாது. அந்த 12 வாரத்தை ஒரு பள்ளத்தாக்கின் நாட்காட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் சிறுமை புரியும்.

பள்ளத்தாக்கின் நாட்காட்டி

1895 இல் பெரியாறு அணை எழுந்த பிறகு கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்க்கை தண்ணீர் திறப்பைச் சுற்றியே நடக்கிறது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம். தென்மேற்குப் பருவமழை கைகொடுத்தால் ஜூனில் முதல் போகத்துக்குத் தண்ணீர் வரும். நாற்று, நடவு, களை, மருந்து, அறுப்பு. பிறகு இரண்டாம் போகம். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் பக்கம் பன்னீர் திராட்சை. 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் திராட்சைக்கு ஒரே அறுவடைக் காலம் என்று கிடையாது. ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் குலை தொங்கும். ஆகவே மருந்து அடிப்பும் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு பந்தலின் கீழ் நடந்துகொண்டிருக்கும்.

மேற்கே மலைக்கு அப்பால் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள். ஆகஸ்டில் காய் பறிப்பு மும்முரமாகிவிட்டால் போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் ஊர்களில் விடியும் முன்பே ஜீப்புகள் புறப்படும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று மலைப்பாதைகள். தூக்குச்சட்டியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். ஏலச்செடியின் காய் தூரில்தான் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்தே பறிக்க வேண்டும். ஈரத்தில் அட்டை ஏறும். செடிக்கு அடித்த மருந்து கையில் ஒட்டும். இருட்டிய பின் திரும்புவார்கள்.

இனி மருத்துவத்தை இந்த நாட்காட்டியில் பொருத்திப் பார்ப்போம். வயலில் அறுப்புக் காலம் பாம்புக்கடிக் காலம். வடகிழக்குப் பருவமழையோடு டெங்கு வரும். ஏலத்தோட்ட மாதங்களில் கர்ப்பிணிகள் பரிசோதனை நாளைத் தவறவிடுவார்கள், வந்தால் கூலி போய்விடும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அருமையான திட்டம். ஆனால் விடியும் முன் ஜீப் ஏறியவரின் கதவு பகலில் பூட்டிக் கிடக்கும். மலைக்கு அந்தப் பக்கம் மாநிலம் வேறு, சுகாதாரப் பதிவேடும் வேறு.

ஏப்ரலில் வந்து 12 வாரம் தங்கிய பயிற்சி மருத்துவருக்கு அந்தப் பெண்கள் ‘ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர்கள்’. அக்டோபரில் வந்து தங்கியவருக்கு அதே பெண்கள் ‘சொன்னால் கேட்காதவர்கள்’. இருவரும் பார்த்தது உண்மை, இருவரின் முடிவும் பிழை. ஆண்டு முழுக்க இருந்தவருக்கு மட்டுமே மாத்திரை தவறுவதற்கும் காய் பறிப்புக்கும் உள்ள தொடர்பு தெரியும். ‘சொன்னால் கேட்க மாட்டார்கள்’ என்ற வாக்கியம் ஒரு மருத்துவரின் நாவிலிருந்து உதிர்வதற்கு ஓராண்டு தேவைப்படுகிறது. வாழ்க்கைப் பணி என்று நாம் பெருமையாகச் சொல்வது இப்படித்தான், ஒரு தவறான முடிவு கண்ணெதிரே உடைவதில், ஆரம்பிக்கிறது என்று நான் நம்புகிறேன்.

கற்றுத்தருகிறவர் யார்?

க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பேராசிரியர்கள் இருக்கிறார்கள், கருவிகள் இருக்கின்றன. ஊரைக் கற்றுத்தருகிறவரோ துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் கிராம சுகாதார செவிலியர். ஊரார் அழைப்பில் ‘நர்சம்மா’. சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும், மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. எந்த வீட்டில் எத்தனையாவது மாதம், எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்பது அவர் பதிவேட்டில் இருக்கும். எந்த வீட்டில் மாமியாரிடம் பேசினால் காரியம் நடக்கும், எந்த வீட்டில் குடி, எந்த வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை என்பது அவர் மனத்தில் இருக்கும்.

2001 இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தேனிக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பெண் சிசுக்களைக் காப்பாற்றவே ஒரு திட்டம் தேவைப்பட்ட காலத்தைக் கடந்து வந்த மாவட்டம் இது. பெண் பிறந்த வீட்டுக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் சாக்குச் சொல்லிக்கொண்டு போய் எட்டிப்பார்ப்பதும் இந்தச் செவிலியர்களின் வேலையாக இருந்தது. அந்த எட்டிப்பார்த்தலுக்கு மருத்துவப் பாடநூலில் பெயர் இல்லை. அதைச் செய்கிறவருக்குப் பின்னால் ஓராண்டு நடந்த மாணவருக்கு அதன் பொருள் தெரியும். எம்.பி.பி.எஸ். முடித்த ஒருவர், படிப்பில் தனக்குக் கீழே என்று நினைத்த ஒருவரிடம் மாணவராக நிற்பது சிறிய விஷயமல்ல. அங்கே கழலும் தலைக்கனம் பிறகு திரும்புவது கடினம்.

இதே பாடம் ஆண்டிபட்டியிலும் உண்டு. அங்கே ஆரோக்கிய அகம் என்ற தொண்டு நிறுவனம் தொழுநோயிலும் காசநோயிலும் தொடங்கி, பிறகு எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான பணியில் இறங்கியது. மூன்றுமே மாத்திரையால் மட்டும் தீராத நோய்கள். நோயாளியை வீடு ஏற்க வேண்டும், ஊர் ஏற்க வேண்டும், மாதக்கணக்கில் யாராவது பின்தொடர வேண்டும்.

பள்ளத்தாக்கின் இன்னொரு பாடம் மலையில் இருக்கிறது. கொடைக்கானல் வட்டத்துச் சின்னூர், பெரியூர் மக்கள் காகிதத்தில் திண்டுக்கல் மாவட்டத்தவர். அவர்கள் நோயாளியை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு, கல்லாற்றைக் கடந்து இறங்குவது தேனி மாவட்டத்துப் பெரியகுளத்துக்கு. மருத்துவமனையில் ‘ஏன் இவ்வளவு தாமதம்?’ என்று கேட்பது எளிது. அந்தப் பாதையில் ஒருமுறை ஏறி இறங்கிய மருத்துவர் அந்தக் கேள்வியை நோயாளியிடம் கேட்க மாட்டார். ஆட்சியரிடம் கேட்பார்.

ஓராண்டு செய்த மருத்துவர்கள்

ஓராண்டு ஒரு வாழ்க்கையைத் திருப்புமா? பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கிய ஒரு பயணம் அதற்குச் சான்று. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் ஆலப்புழையில் படித்துவிட்டு, டாக்டர் சௌந்தரம் உருவாக்கிய காந்திகிராமத்துக் கஸ்தூரிபா மருத்துவமனையில் பணியாற்றினார்கள். பிறகு ஓராண்டு காலம் நாட்டைச் சுற்றி, எங்கே தங்கள் தேவை அதிகம் என்று தேடினார்கள். 1993 இல் தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில், மலைவாழ் மக்களுக்கு நடுவே ஒரு குடிசையில் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அப்போது அங்கே 1,000 குழந்தைகள் பிறந்தால் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அதே ஊர்ப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தே அந்த எண்ணைப் பல மடங்கு குறைத்தார்கள். தங்களைத் திருப்பியது அந்த ஓராண்டு என்பதாலோ என்னவோ, இளம் மருத்துவர்கள் ஓராண்டு பல கிராம மருத்துவமனைகளில் தங்கிப் பணியாற்றும் ஒரு பயணத் திட்டத்தையும் அவர்களின் அமைப்பு நடத்துகிறது.

அரவிந்த் கண் மருத்துவமனையை 1976 இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியின் கதை வேறு விதம். அவர் வடமலாபுரத்தில் பிறந்தவர். அவருடைய உறவுப் பெண்கள் பிரசவச் சிக்கலில் இறந்தார்கள். மகப்பேறு மருத்துவராக நினைத்தார். முடக்குவாதம் விரல்களைக் கோணவைத்த பிறகு கண் மருத்துவத்துக்கு வந்தார். 1960களில் கிராமம் கிராமமாக அவர் நடத்திய கண் முகாம்கள்தான் அரவிந்தின் விதை. 1980களில் அரவிந்த் தேனிக்கு வந்தது. 2000களின் நடுவில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, நெடுந்தூர வை-ஃபை இணைப்பில் 5 கிராமப் பார்வை மையங்களைத் தேனி மருத்துவமனையோடு இணைத்தார்கள். கூலியை விட்டுப் பேருந்து ஏற முடியாத மனிதரை முகாம் முகாமாகப் பார்த்தவர்களுக்குத்தான் மருத்துவமனையை அவர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகத் தோன்றும்.

உலகமும் இந்தச் சோதனையைச் செய்து பார்த்திருக்கிறது. மெக்சிகோவில் 1936 முதல் மருத்துவ மாணவர்களுக்குச் சமூக சேவை ஆண்டு உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1998 முதல். ஏறக்குறைய 70 நாடுகளில் ஏதோ ஒரு வடிவில் கட்டாயப் பணி இருந்ததாக 2010 இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதே ஆண்டு அந்த நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், கட்டாயப் பணியோடு தகுந்த ஆதரவும் ஊக்கமும் சேர வேண்டும் என்றது. கிராமத்துப் பிள்ளைகளை மருத்துவப் படிப்பில் சேர்ப்பதே அவர்கள் கிராமத்தில் பணிபுரியச் சிறந்த வழிகளில் ஒன்று என்றும் சொன்னது. 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு தந்துவரும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும். ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறியவரின் மகள் ஸ்டெதாஸ்கோப்போடு திரும்பி வரும்போது, நாட்காட்டியை அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்காது.

தடையாக நிற்பது எது?

நம் பயிற்சி ஆண்டு ஏன் பலரை இப்படித் திருப்புவதில்லை? பிள்ளைகளின் மனம் கல்லாகிவிட்டது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. அவர்களுக்கு முன்னால் நீட் பி.ஜி. நிற்கிறது. எம்.பி.பி.எஸ். மட்டும் போதாது என்று உறவும் சந்தையும் சொல்கின்றன. ஆகவே சமூக மருத்துவப் போஸ்டிங் என்றால் படிக்க நேரம் கிடைக்கும் போஸ்டிங் என்று பொருளாகிவிட்டது. ஊர் இருக்க வேண்டிய இடத்தில் வினா வங்கி இருக்கிறது.

தமிழ்நாடு இதற்கு ஒரு நல்ல வழி கண்டிருந்தது. அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு முதுநிலை இடங்களில் 50 சதவீத ஒதுக்கீடு, கிராமத்திலும் கடினமான பகுதியிலும் பணியாற்றியவர்களுக்கு ஊக்க மதிப்பெண். மாநிலங்களுக்கு இந்த உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கிராமப் பணியைத் தண்டனையாக்காமல் படிக்கட்டாக்கிய ஏற்பாடு இது. ஆயினும் படிக்கட்டில் ஏறுகிறவரின் கண் மேலேதான் இருக்கும். ஊரைத் திரும்பிப் பார்க்கவைக்கும் ஏற்பாடு ஒன்று தனியே வேண்டும்.

புது மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக் காலம் முழுக்கப் பின்தொடரும் முறையை 2022 இல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்தது. அதைப் படிவம் நிரப்பும் சடங்காக விட்டுவிடாமல், பயிற்சி ஆண்டின் 12 வாரங்களையும் அதே குடும்பங்களோடு முடிச்சிடலாம். 12 வாரத்தையும் ஒரே மூச்சில் தீர்க்காமல் நடவுக்கு மூன்று, மழைக்கு மூன்று, காய் பறிப்புக்கு மூன்று, கோடைக்கு மூன்று என்று பிரித்துக் கொடுக்கலாம். ஒரே ஊர், ஒரே செவிலியர், அதே குடும்பங்கள். புது நிதி பெரிதாகத் தேவையில்லை. பணிப்பட்டியலை மாற்ற மனம் இருந்தால் போதும். தங்குவதற்குப் பூட்டு உள்ள அறை, பெண் மருத்துவர்களுக்குப் பாதுகாப்பு, இரவில் ஃபோன் செய்தால் எடுக்கிற மூத்த மருத்துவர், இந்த மூன்றையும் கொடுக்காமல் தியாகம் பற்றிப் பேசக் கூடாது.

மறுபடியும் அந்த டப்பா

முதலில் விட்ட கேள்விக்குத் திரும்புவோம். இலங்கை 1995 இலும் 1998 இலும் கொடிய பூச்சிக்கொல்லிகள் சிலவற்றைத் தடைசெய்தது. அடுத்த 10 ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் தற்கொலைத் தடுப்புக்கான சிநேகா அமைப்பை நிறுவிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவரோடு பணியாற்றியவர்களும் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவில் பூட்டிய பெட்டகங்களில் வைக்கும் முறையைச் சோதித்தார்கள். விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். 2023 இல் தமிழ்நாடு அரசு மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசையை நிரந்தரமாகவும், 6 பூச்சிக்கொல்லிகளை 60 நாட்களுக்கும் தடைசெய்தது. ஒரு கொடிய கணத்துக்கும் ஒரு டப்பாவுக்கும் இடையே பூட்டோ, நான்கு வீதி தூரமோ இருந்தால், பலருக்கு அந்தக் கணம் கடந்துபோய்விடுகிறது. இந்த உயிர்களைக் காத்தது அட்ரோபின் அல்ல. டப்பா இருக்கும் இடத்தை யோசித்தவர்கள் காத்தார்கள்.

ஓராண்டு முடிந்து அதே இளம் மருத்துவர் மறுபடி அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கிறார் என்று வையுங்கள். விடிந்துவிட்டது. கட்டிலில் இருக்கும் பெண் பிழைத்துவிட்டார். தாய் சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருக்கிறார். அட்ரோபினின் அளவு அந்த மருத்துவருக்குப் போன ஆண்டே தெரியும். இப்போது அந்தத் தாயின் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்காரத் தெரியும். எந்த ஊர் என்று கேட்பார். அந்த ஊர் நர்சம்மாவின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கும். “அம்மா, வீட்டுல மீதி மருந்து எங்க இருக்கு?” என்று கேட்பார். பதிலைக் கேட்டுக்கொண்டு நர்சம்மாவுக்கு ஃபோன் செய்வார்: அந்த வீட்டுக்கு இன்று போங்கள், நாளையும் போங்கள், ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன்.